கூட்டமான கடற்கரைக்கு நாயைக் கூட்டிப்போகும் முன்

முதலில் நேரத்தை முடிவு செய்யுங்கள், இடமெல்லாம் அப்புறம். சிங்கப்பூரில் சூரியன் வருவதே காலை 7 மணிவாக்கில்தான், அதனால் 7.30க்கு மணலில் இறங்கி 9.30க்குள் கிளம்பிவிட்டால் நாய்க்கும் நல்லது, உங்களுக்கும் நிம்மதி. பள்ளி விடுமுறை ஞாயிற்றுக்கிழமை மாலையில் கடலோரத்தில் இருக்கும் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்கு நாயோடு போகவே போகாதீர்கள். சைக்கிள், ஸ்கேட், ஓடுகிற பிள்ளைகள், பார்பிக்யூ புகை என்று அது மிரண்டுபோய்விடும்.

போகிற வழியையும் யோசித்து வையுங்கள். எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் வழிகாட்டி நாய்களைத் தவிர மற்றவற்றை ஏற்ற மாட்டார்கள். சொந்தக் கார் இல்லையென்றால் செல்லப்பிராணிகளை ஏற்றும் வாடகைக் காரை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள், திரும்பி வருவதற்கும் சேர்த்து. நனைந்த நாயை வைத்துக்கொண்டு கார்ப்பேட்டை ஓரத்தில் வண்டிக்குக் காத்திருப்பது பெரிய அவஸ்தை.

செந்தோசா தீவுக்குப் போவதாக இருந்தால் சிலோசோ கடற்கரையை விட்டுவிட்டு தஞ்சோங் கடற்கரைப் பக்கம் போங்கள், அங்கே கொஞ்சம் அமைதி இருக்கும். எங்கே போனாலும் வாரைக் கழற்றாதீர்கள். பொது இடத்தில் நாய் வாரோடுதான் இருக்க வேண்டும், அது சட்டம். இழுக்க இழுக்க நீளும் வார் வேண்டாம், சைக்கிள் பாதையில் யாராவது அதில் தடுக்கி விழுவார்கள். ஒன்றரை மீட்டர் சாதாரண வார் போதும். பாய் விரித்துச் சாப்பிடும் மலாய்க் குடும்பங்களும் நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களும் நிறைய இருப்பார்கள். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் முறைப்படி கழுவிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும், ஆகவே நாமே தள்ளிச் சுற்றிப் போவதுதான் மரியாதை.

இப்போது வெயில். இதை மட்டும் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் அதுவும் சரியாக நடக்காது, அதிலும் பக், ஷிட்ஸு, பிரெஞ்சு புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான நாய்கள் ரொம்பச் சிரமப்படும். புறங்கையை மணலில் வைத்துப் பாருங்கள். ஏழு விநாடி தாங்க முடியவில்லையா, அதன் பாதமும் தாங்காது. ஈறு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாக ஒழுகி, நடை தள்ளாடினால் உடனே நிழலுக்குத் தூக்கிப்போய் வயிறு, தொடை இடுக்கு, பாதங்களில் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறிவிடுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே அடைந்துவிடும். கொஞ்சம் தேறியதுபோல் தெரிந்தாலும் நேராக மருத்துவரிடம் போய்விடுங்கள்.

குடிக்க நல்ல தண்ணீர் குறைந்தது 2 லிட்டர் கொண்டுபோங்கள். தாகத்தில் கடல் தண்ணீரைக் குடித்துவிட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீங்களே கிண்ணத்தை நீட்டுங்கள்.

அடுத்து, தரையில் கிடப்பவை. பார்பிக்யூ அடுப்புகளைச் சுற்றி முந்தின இரவின் கோழி எலும்பு, நண்டு ஓடு, எல்லாவற்றையும்விட மோசமாக, கறித் துண்டுகளைக் குத்திச் சுடும் சாத்தே குச்சி. கறி வாசம் ஏறிய குச்சியை நாய் அப்படியே விழுங்கும், அது குடலைக் குத்திக் கிழித்துவிடும். எங்கள் நாய் பொட்டு ஒருமுறை கவ்விவிட்டாள், வாய்க்குள் கையைவிட்டு உருவியபோது முனை உடைந்திருந்தது, அன்று முழுக்க எக்ஸ்ரே, காத்திருப்பு, அழுகை. அதற்கப்புறம் அந்த அடுப்புகள் பக்கமே நாங்கள் போவதில்லை. "விடு" என்றால் வாயில் இருப்பதைக் கீழே போடும் பழக்கத்தை வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள்.

மலம் அள்ளப் பை நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள். மணலைத் தள்ளி மூடிவிட்டு வரக்கூடாது, அடுத்த அரைமணியில் ஏதோ ஒரு குழந்தை அங்கேதான் மணல்வீடு கட்டும்.

கிளம்பும்போது நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, காது மடலுக்குள் ஈரம் இல்லாமல் துடைத்துவிடுங்கள். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள், சிப்பித் துண்டு அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கும். பொட்டு மூன்று காலுக்குப் பொறுமையாக இருப்பாள், நாலாவது காலைப் பிடித்தால் இழுத்துக்கொள்வாள். அதற்கென்றே உப்புப் போடாமல் அவித்த கோழித் துண்டு ஒன்றைக் கடைசிவரை வைத்திருப்பேன்.