உர விளம்பரத்தைப் பென்சிலோடு படிப்பது எப்படி?

மேட்டூரில் தண்ணீர் திறக்கும் பேச்சு தொடங்கியதுமே தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் நோட்டீசுகளும் வாட்ஸ்அப் வீடியோக்களும் வரிசையாக வந்து இறங்கும். பயிர் ஊக்கி, வேர் டானிக், நுண்ணூட்டக் கலவை என்று ஆளுக்கொரு பெயர். வீட்டுக்கு வந்த நோட்டீசுகளை அப்பாவோடு உட்கார்ந்து வரிவரியாகப் பிரித்துப் பார்த்ததில் உருவான முறை இது. எல்லா டானிக்கும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. எது நல்லது என்று விளம்பரத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்கிறேன்.

1. முதலில் ஓட்டத்தை நிறுத்துங்கள்

நோட்டீஸ் என்றால் சரி, கையில் இருக்கிறது. வீடியோ என்றால் எழுத்து வரும் இடங்களில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பின்னணி இசை ஓடும்போது எண்களைச் சரிபார்க்க முடியாது. முடிந்தால் பிரின்ட் போட்டுக்கொள்ளுங்கள். கைப்பேசியில் விரலால் கோடு போடும் செயலிகள் எனக்குப் பிடிக்கவில்லை, பென்சில்தான் வசதி.

2. அளக்க முடியாத சொற்களை அடியுங்கள்

"அதிசய", "புரட்சிகரமான", "மண்ணின் உயிர்", "இயற்கையோடு இணைந்த". இவற்றை எந்தத் தராசிலும் நிறுத்த முடியாது, அடித்துவிடுங்கள். "விஷ உரம்" என்று பிறர் பொருளைத் திட்டும் சொல்லும் இதே கணக்குதான். பல நோட்டீசுகளில் இதற்குப் பிறகு ஒன்றிரண்டு வரிதான் மிஞ்சும்.

3. படத்தில் இருப்பவர் யார், ஏன் இருக்கிறார்?

1937-ல் நியூயார்க்கில் தொடங்கிய பிரசாரப் பகுப்பாய்வு நிறுவனம், பிரசாரத்தில் ஏழு உத்திகளைப் பட்டியலிட்டது. அரசியல் பேச்சுக்காகப் போட்ட பட்டியல்தான், ஆனால் உர நோட்டீசுக்கும் பொருந்துகிறது. இரண்டாம் படியில் அடித்த புகழ்ச் சொல்லும் திட்டும் சொல்லும் அதில் இரண்டு. படத்தில் பெரும்பாலும் இன்னும் நான்கைப் பார்க்கலாம்.

பெரிய கோயில் விமானம் பின்னணியில் நின்றால், கோயிலின் மதிப்பைப் புட்டிமேல் ஏற்றிவிடுகிறார்கள். வெள்ளைக் கோட்டும், பல்கலைக்கழக முத்திரை போன்ற வட்டமும் அதே வேலையைச் செய்பவை. நடிகர் வந்து பேசினால் அது சான்று உத்தி. தலைப்பாகை கட்டியவர் வரப்பில் நின்று "நான் உங்களைப் போல ஒரு விவசாயி" என்றால், நம்மில் ஒருவர் என்ற உத்தி. "உங்கள் ஊரே மாறிவிட்டது, நீங்கள்?" என்று கேட்டால், கூட்டத்தோடு சேர்த்து இழுப்பது.

4. சொல்லாமல் விட்டதைத் தேடுங்கள்

ஏழாவது உத்தி இது: சாதகமானதை மட்டும் அடுக்கிவிட்டு மற்றதை மறைப்பது. பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். மற்ற ஆறும் தாளில் கண்ணுக்குத் தெரியும். இது தெரியாது, நாமே கேள்வி கேட்டு வெளியே எடுக்க வேண்டும். "ஏக்கருக்கு 40 மூட்டை, 30 சதவீதம் கூடுதல்" என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

எத்தனை கிலோ மூட்டை? 60 கிலோ மூட்டை என்றால் 2,400 கிலோ. கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ சிப்பம் என்றால் 1,600 கிலோதான்.

எவ்வளவு ஈரத்தில் எடை போட்டார்கள்? அறுத்த அன்றைக்கு 24 சதவீத ஈரத்தில் இருக்கும் 100 கிலோ நெல், கொள்முதல் வரம்பான 17 சதவீதத்துக்குக் காயும்போது சுமார் 92 கிலோ ஆகிவிடும். டானிக் அடித்த நெல்லை ஈரமாகவும் அடிக்காததைக் காய்ந்த பிறகும் எடை போட்டாலே எட்டு கிலோ வித்தியாசம் வந்துவிடும்.

எதைவிட 30 சதவீதம் கூடுதல்? சுமார் 110 நாளில் விளையும் ஏடிடி 36 நெல் ரகத்தையும் 155 நாள் சிஆர் 1009 ரகத்தையும் பக்கத்தில் வைக்க முடியாது. "போன வருஷத்தைவிட" என்று எழுதியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 2024-ல் மேட்டூர் ஜூலை 28-ல்தான் திறந்தது, 2025-ல் ஜூன் 12-லேயே திறந்துவிட்டது. இந்த இரண்டு வருஷத்துக் குறுவையை (குறுகிய கால நெல் பருவம்) ஒப்பிட்டால் கூடுதல் விளைச்சல் தண்ணீரால் வந்ததா, டானிக்கால் வந்ததா என்று யார் பிரிப்பது? அதே வயலில், அதே ரகத்தில், ஒரு பாத்தியில் மட்டும் டானிக் அடிக்காமல் விட்டு இரண்டையும் தனித்தனியாக அறுத்து நிறுத்தினார்களா என்று கேளுங்கள். இதற்கு நேர் பதில் வராவிட்டால் அந்த எண்ணையும் அடித்துவிடுங்கள்.

5. வெளியே விசாரியுங்கள்

மிஞ்சிய வரியை எடுத்துக்கொண்டு நீடாமங்கலம், சிக்கல் போன்ற வேளாண் அறிவியல் நிலையத்திலோ, ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலோ காட்டுங்கள். விற்கிறவரிடமே விளக்கம் கேட்பதைவிட இதுதான் சரி என்பது என் கருத்து.

பொய் விளம்பரம் என்று உறுதியானால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. விளம்பரத்தில் தோன்றிச் சான்று சொல்பவருக்கும் இது பொருந்தும். அதனால் ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காதீர்கள்.

பின்சேர்க்கை

"டப்பாவில் பச்சை முக்கோணம் இருக்கிறதே, அப்படியென்றால் இயற்கை மருந்துதானே?" என்று கேட்கிறார்கள். இல்லை. பூச்சிமருந்து டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்பது நச்சுத்தன்மையின் வரிசை. பச்சை என்றால் அந்த வரிசையில் குறைந்த நச்சு, அவ்வளவுதான். கையுறையும் முகக்கவசமும் அப்போதும் வேண்டும். பூச்சிமருந்து லேபிளில் "பாதுகாப்பானது", "தீங்கற்றது" என்றெல்லாம் எழுதவே பூச்சிக்கொல்லி விதிகள் இடம் தருவதில்லை. கடைக்காரர் வாயால் அப்படிச் சொன்னால், தொகுதி (பேட்ச்) எண் போட்ட பில்லைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுக்கும் நாளில் அந்தப் பில்லைத்தான் முதலில் கேட்பார்கள்.