ஜிபிஜி-ஏஜென்ட்டை நீக்குமுன் ஒரு நிமிடம்

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பள்ளிக்கூடத்திலேயே உபுண்டு வழிவந்த கைட் லினக்ஸ் இயங்குதளத்தைப் பழகிவிடுகிறார்கள். அதனால் டெர்மினல் என்றால் என்ன என்பதை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என் பழைய லேப்டாப்பில் இடம் போதாமல், பெயர் புரியாத பேக்கேஜ்களை (நிரல் தொகுப்புகளை) ஒருநாள் நீக்கிக்கொண்டிருந்தேன். கோப்புகளைச் சாவியால் பூட்டித் திறக்கும் ஜிபிஜி நிரலுக்குத் துணையான ஜிபிஜி-ஏஜென்ட்டும் போனது. மறுநாள் பொள்ளாச்சி ஆடிட்டருக்குத் தேங்காய்க் கணக்கைப் பூட்டி அனுப்ப முடிந்தது. அவர் பூட்டி அனுப்பியதைத் திறக்கத்தான் முடியவில்லை. சாவியே போய்விட்டதோ என்று வயிறு கலங்கியது.

போகவில்லை. பூட்டுவதற்கு அவருடைய பொதுச்சாவி (யாருக்கும் கொடுக்கக்கூடியது) போதும், ஏஜென்ட் வேண்டாம். திறக்க என் ரகசியச் சாவி வேண்டும், ஜிபிஜியின் 2.1 பதிப்பிலிருந்து அதைத் தொடும் வேலை ஏஜென்ட்டுக்கு மட்டுமே. சாவிக் கோப்புகள் நம் ஹோம் ஃபோல்டரில் இருப்பவை, பேக்கேஜை நீக்கினாலும் பேக்கேஜ்களை நிறுவி நீக்கும் ஆப்ட் கட்டளை அவற்றைத் தொடாது.

முதலில் ‘ஆப்ட் டிபெண்ட்ஸ்’ என்று அடித்து, பக்கத்தில் குனுபிஜி என்ற, ஜிபிஜியை முழுதாகத் தரும் பேக்கேஜின் பெயரைக் கொடுங்கள். டிபெண்ட்ஸ் என்று வருபவை கட்டாயம். ரெக்கமெண்ட்ஸ் வழக்கமாகக் கூடவே வரும், சஜஸ்ட்ஸ் நாம் கேட்டால்தான். கட்டாயப் பட்டியலில் ஜிபிஜி, ஏஜென்ட், டிர்மேனேஜர் மூன்றும் இருக்கும். (மேனேஜரின் உயிரெழுத்துகளை விழுங்கிவிட்டு எழுதியிருப்பார்கள், பயப்படாதீர்கள்.) மற்றவர்களின் பொதுச்சாவிகள் கிடைக்கும் சாவி சர்வரோடு பேசுவது இந்த டிர்மேனேஜர். பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி பின்என்ட்ரி. அது ஏஜென்ட்டோடு சேர்ந்து வரும்.

அதனால் நிறுவும்போது ஜிபிஜியை மட்டும் தனியாகக் கேட்காமல் குனுபிஜியைக் கேளுங்கள், எல்லாம் ஒன்றாக வந்துவிடும். நானும் அப்படித்தான் மீண்டேன்.

அடுத்து, எதையாவது நீக்கும்போது ஒய் தட்டுமுன் ‘நீக்கப்படும்’ பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். ஏஜென்ட்டோடு குனுபிஜியும் போகும் என்று ஆப்ட் எனக்கும் சொல்லத்தான் செய்தது. அவசரத்தில் தட்டியது நான்.

கடைசியாக அப்டேட். புதிய பதிப்பு வந்த பிறகும் பழைய ஏஜென்ட் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம். சர்வர் (இங்கே அந்த ஏஜென்ட்தான்) நம்மைவிடப் பழையது என்று ஜிபிஜி எச்சரிக்கும். லேப்டாப்பை அணைத்துப் போட வேண்டாம். ஜிபிஜிகான்ஃப் கட்டளையில் கில் என்ற ஆப்ஷனுக்கு ‘ஆல்’ கொடுத்தால் போதும். அடுத்து ஜிபிஜியைக் கூப்பிடும்போது புது ஏஜென்ட் தானாக எழுந்துகொள்ளும். சரி, பாஸ்வேர்டை ஒருமுறை திரும்பக் கேட்கும். பழைய ஏஜென்ட் நினைவில் வைத்திருந்தது அதோடு போய்விட்டது.