வாஷிங்டன் வட்டாரத்தில் எந்தக் கவுன்டியில் குடியேறுவது? வரி, வீட்டுச் செலவு, வருமானம் மூன்றையும் கணக்கிடும் முறை

வாஷிங்டன் டி.சி. பக்கம் வேலை கிடைத்து வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஆளுக்கொரு அறிவுரை வந்து சேர்ந்துவிடும். "வர்ஜீனியா பக்கம் போங்கள், வருமான வரி குறைவு" என்பார் ஒருவர். "அதிலும் லவுடன் போங்கள், சொத்து வரி இன்னும் குறைவு" என்பார் அடுத்தவர். "மேரிலாண்டில் காருக்கு ஆண்டுதோறும் வரி கட்ட வேண்டாம், தெரியுமா?" என்பார் மூன்றாமவர். மூவரும் சொல்வது உண்மைதான். ஆனால் உங்கள் வீட்டுக்கு அது எத்தனை டாலர் என்று மூவரில் ஒருவரும் சொல்ல மாட்டார்.

அந்தத் தொகையை நீங்களே கண்டுபிடிக்கும் வழிதான் இந்தப் பதிவு. வரி விகிதங்களை ஒப்பிட்டு முடிவுக்கு வராதீர்கள். உங்கள் குடும்பத்தை அதே சம்பளம், அதே கார்களோடு ஒவ்வொரு கவுன்டியிலும் (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) குடிவைத்துப் பார்த்து, ஓர் ஆண்டில் கையை விட்டுப் போகும் மொத்தத் தொகையை ஒப்பிடுங்கள். இங்கே மேரிலாண்டின் மான்ட்கோமரி, வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ், லவுடன் ஆகிய மூன்று கவுன்டிகளை எடுத்துக்கொள்கிறேன். விகிதங்கள் 2025-ஆம் ஆண்டுக்கானவை. எக்செல் தாளில் கவுன்டிக்கு ஒரு நெடுவரிசை வைத்துக்கொண்டால் வேலை எளிது.

படி 1: வீடு உண்மையில் எந்தக் கவுன்டியில் இருக்கிறது?

அஞ்சல் முகவரியை நம்பாதீர்கள். வர்ஜீனியாவில் அலெக்ஸாண்ட்ரியா, ஃபால்ஸ் சர்ச், ஃபேர்ஃபாக்ஸ் நகரம் போன்றவை எந்தக் கவுன்டியிலும் சேராத தனி நகரங்கள். ஆனால் "அலெக்ஸாண்ட்ரியா", "ஃபால்ஸ் சர்ச்" என்று முகவரி கொண்ட ஏராளமான வீடுகள் ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டியில் இருக்கின்றன. பள்ளி, சொத்து வரி, கார் வரி எல்லாம் அதைப் பொறுத்தே மாறும். கவுன்டிக்கு உள்ளேயே இருக்கும் வியன்னா, ஹெர்ன்டன், லீஸ்பர்க் போன்ற சிற்றூர்களும், மான்ட்கோமரியின் ராக்வில், கெய்தர்ஸ்பர்க் நகரங்களும் தங்கள் பங்குக்குத் தனியாக ஒரு சொத்து வரி போடுகின்றன. முகவரியைக் கவுன்டியின் சொத்து மதிப்பீட்டுத் தளத்தில் தட்டிப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

படி 2: வருமான வரி

முதலில் நல்ல செய்தி. மேரிலாண்ட், வர்ஜீனியா, டி.சி. மூன்றுக்கும் இடையே ஏற்பாடு இருப்பதால், அலுவலகம் எந்தப் பக்கம் இருந்தாலும் சம்பளத்துக்கான வரியை நீங்கள் குடியிருக்கும் இடத்துக்குத்தான் கட்டுவீர்கள். ஆகவே அலுவலகம் டி.சி.யில் இருந்தாலும் டி.சி.யின் வரி உங்கள் மேல் விழாது. கூட்டரசுக்குக் கட்டும் வரி எங்கே இருந்தாலும் ஏறத்தாழ ஒன்றுதான். அதை ஒதுக்கிவிடலாம்.

கணவனும் மனைவியும் சேர்ந்து கணக்குத் தாக்கல் செய்யும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கழிவுகள் போக, வரிக்குரிய வருமானம் 1,50,000 டாலர்.

வர்ஜீனியாவில் முதல் 17,000 டாலருக்கு 720 டாலர். அதற்கு மேல் 5.75%. மீதமுள்ள 1,33,000 டாலருக்கு 7,647 டாலர் ஆகிறது. மொத்தம் ஏறக்குறைய 8,367. கவுன்டிக்கென்று தனி வருமான வரி கிடையாது.

மேரிலாண்டில் முதல் 3,000 டாலருக்கு 90 டாலர். அதிலிருந்து 1,50,000 வரை 4.75%. மாநில வரி ஏறக்குறைய 7,072. இதுவரை பார்த்தால் மேரிலாண்டுதான் மலிவு! புதிதாக வருகிறவர்கள் பலர் மாநில விகிதத்தைப் பார்த்துவிட்டு இங்கேயே நின்றுவிடுகிறார்கள். மேரிலாண்டில் 23 கவுன்டிகளும் பால்டிமோர் நகரமும் மாநில வரிக்கு மேல் தங்கள் வருமான வரியைச் சேர்க்கின்றன. மான்ட்கோமரி, ஹவர்ட், பிரின்ஸ் ஜார்ஜஸ் மூன்றிலும் அது 3.20%. நம் குடும்பத்துக்கு 4,800 டாலர். ஆக, மொத்தம் 11,872.

வித்தியாசம் ஆண்டுக்கு 3,505 டாலர். வருமானம் குறைந்தால் இந்த இடைவெளியும் குறையும். வரிக்குரிய வருமானம் 80,000 என்றால் அது 1,965 டாலர்தான். இரு மாநிலங்களின் நிலையான கழிவுத் தொகையும் ஒன்றல்ல என்பதால், கடைசிக் கணக்கை உங்கள் சொந்த எண்களில் போடுங்கள்.

படி 3: வாடகைக்குப் போகிறீர்களா? மாத வித்தியாசத்தைக் கண்டுபிடியுங்கள்

புதிதாக வருகிறவர்கள், அதுவும் ஹெச்-1பி விசாவில் வருகிறவர்கள், முதல் ஓராண்டாவது வாடகையில் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. வாடகைதாரருக்குக் கணக்கும் சின்னது.

அந்த 3,505 டாலரைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 292. அதாவது, மான்ட்கோமரியில் உங்களுக்குப் பிடித்த வீட்டின் வாடகை ஃபேர்ஃபாக்ஸ் வீட்டைவிட 292 டாலர் குறைவாக இருந்தால்தான் இரண்டும் சமம். ஆனால் வர்ஜீனியாவில் கார் வரி உண்டு. வாடகைக்கு இருந்தாலும் அது உங்கள் தலையில்தான். படி 5-இல் வரப்போகும் அந்தத் தொகையை மாதக் கணக்கில் கழித்தால், இரண்டு கார் குடும்பத்துக்கு இந்த 292 வெகுவாக இறங்கிவிடும். அதற்குப் பிறகு மெட்ரோவுக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு வீடு ராக்வில்லில் கிடைத்து, ஒரு காரை விட்டுவிட முடிந்தால், வரி வித்தியாசத்தைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

லவுடனின் குறைந்த சொத்து வரி வாடகைதாரரின் கைக்கு நேரடியாக வருவதில்லை என்பதையும் கவனியுங்கள். வாடகையை நிர்ணயிப்பது சந்தை.

வாடகையை எங்கே பார்ப்பது? கூட்டரசின் வீட்டுவசதித் துறை, இந்த வட்டாரத்துக்கு ஜிப் குறியீடு வாரியாக நியாய வாடகை மதிப்பை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. விளம்பரத் தளங்களில் பார்க்கும் வாடகை அதிகமா, வழக்கமானதா என்று ஒத்துப் பார்க்க அது உதவும்.

படி 4: வாங்குவதானால் சொத்து வரி

இங்கே விகிதத்தை 100 டாலர் மதிப்புக்கு இவ்வளவு என்று சொல்வார்கள். 7 லட்சம் டாலர் வீட்டை வைத்துப் பார்ப்போம்.

லவுடனில் 100 டாலருக்கு 80.5 சென்ட். வரி 5,635 டாலர். ஃபேர்ஃபாக்ஸில் அடிப்படை விகிதமே 1.1225 டாலர். வரி 7,857. அதோடு மழைநீர் வடிகாலுக்கு என்று சிறு வரிகளும் ஒட்டிக்கொள்ளும். மான்ட்கோமரியில் கவுன்டி வரியும் 11.2 சென்ட் மாநிலச் சொத்து வரியும் சேர்ந்து, ஊருக்கு ஊர் மாறி, இதே வீட்டுக்கு 7,000-க்கும் 8,000-க்கும் நடுவில் வரும்.

லவுடன் எப்படி இவ்வளவு குறைவாக வாங்குகிறது? ஆஷ்பர்ன் பக்கம் போனால் ஜன்னலே இல்லாத பெரிய பெரிய கட்டடங்கள் வரிசையாக நிற்கும். அவை தரவு மையங்கள். உள்ளே இருக்கும் கணினிகளுக்கு அந்த நிறுவனங்கள் கட்டும் வரிதான் கவுன்டியின் வரவில் பெரும் பங்கு. அதனால் வீட்டுக்காரர்களின் சுமை குறைகிறது. ஒரே தொழிலை நம்பி நிற்கும் இந்த வரவு முப்பது ஆண்டுக் கடன் முடியும்வரை இப்படியே இருக்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். தவிர, வரி குறைவான இடத்தில் வாங்குகிறவர்கள் வீட்டுக்குக் கூடுதல் விலை கொடுக்கவும் தயாராக இருப்பார்கள். எனவே மூன்று கவுன்டிகளிலும் ஒரே விலையில் வீடு தேடாதீர்கள். அதே அளவு வீடு, அதே தரமான பள்ளி என்று தேடி, அதற்கு என்ன விலை என்று பாருங்கள்.

மேரிலாண்டில் ஒரு பொறி இருக்கிறது. அங்கே வீட்டை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மதிப்பிடுகிறார்கள். உரிமையாளரே குடியிருந்தால், வரிக்குரிய மதிப்பு ஆண்டுக்கு ஒரு வரம்புக்கு மேல் ஏறாது. மான்ட்கோமரியில் அந்த வரம்பு 10%, ஹவர்டில் 5%. இருபது ஆண்டுகளாக அங்கே வாழ்ந்தவர் இந்த வரம்பின் தயவில் குறைவான வரி கட்டிக்கொண்டிருக்கலாம். வீடு கை மாறியதும் அந்தச் சலுகை போய்விடும். விற்பவரின் பழைய ரசீதைப் பார்த்து உங்கள் செலவைக் கணக்கிடாதீர்கள். முழு மதிப்புக்கு எவ்வளவு வரும் என்று கேளுங்கள். ஃபேர்ஃபாக்ஸிலும் லவுடனிலும் இந்த வரம்பே கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் சந்தை விலைக்கு மதிப்பிடுவார்கள், விலை ஏறினால் வரியும் கூடவே ஏறும்.

வீட்டுக் கடன் தவணைக்கு ஒரு மாதிரி: 20% முன்பணம் போக 5,60,000 டாலர் கடன், 6.5% வட்டி, 30 ஆண்டு என்றால் மாதம் ஏறக்குறைய 3,540. இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சொத்து வரி வித்தியாசம் சிறியதுதான். வீட்டு விலையில் ஐம்பதாயிரம் குறைந்தால், முன்பணத்தை மாற்றாமல், தவணையில் மாதம் 316 டாலர் மிச்சம். பலர் வரியைப் பற்றி மணிக்கணக்கில் விவாதித்துவிட்டு விலையில் கோட்டை விடுகிறார்கள்.

படி 5: கார், சுங்கம், சங்கக் கட்டணம்

வர்ஜீனியாவின் கார் வரியைப் பற்றிப் புதியவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. காரின் சந்தை மதிப்பின் மேல் ஆண்டுதோறும் கட்ட வேண்டும். ஃபேர்ஃபாக்ஸில் பல ஆண்டுகள் 100 டாலருக்கு 4.57 டாலராக இருந்தது. அதையே மேல்வரம்பாக வைத்துக்கொண்டால், தலா 20,000 டாலர் மதிப்புள்ள இரண்டு கார்களுக்கு 1,828 டாலர். சொந்தப் பயன்பாட்டுக் காரின் முதல் 20,000 டாலர் மதிப்புக்கு மாநிலம் நிவாரணம் தருவதால், உண்மையில் கட்டுவது இதைவிடக் குறைவு. மேரிலாண்டில் இப்படி ஆண்டு வரி இல்லை. கார் வாங்கும்போது மட்டும் ஒருமுறை கட்டினால் போதும்.

இப்போது கூட்டிப் பார்ப்போம். வீடு வாங்கிய நம் குடும்பத்துக்கு வருமான வரி, சொத்து வரி, கார் வரி மூன்றும் சேர்ந்து ஃபேர்ஃபாக்ஸில் அதிகபட்சம் 18,000 சொச்சம். மான்ட்கோமரியில் 19,000-ஐ ஒட்டி. 3,505 என்று பயமுறுத்திய இடைவெளி ஆயிரத்துச் சொச்சமாகச் சுருங்கிவிட்டது. லவுடனில் அதே கார் வரியை வைத்தாலும் 16,000-க்குள் முடிந்துவிடுகிறது.

லவுடன் வென்றுவிட்டது என்று மூட்டை கட்டுவதற்கு முன், அலுவலகம் எங்கே என்று பாருங்கள். லவுடனில் ஓடும் டல்லஸ் கிரீன்வே தனியாரின் சுங்கச்சாலை. ஒரு வழிக்கே ஐந்து டாலருக்கு மேல். வாரம் மூன்று நாள், ஆண்டுக்கு 48 வாரம் போய்வந்தால் 144 நாள். நாளுக்குப் பத்து டாலர் என்றே வைத்தாலும் 1,440. அதைத் தாண்டி டல்லஸ் சுங்கச்சாலை, 66-ஆம் நெடுஞ்சாலை என்று தொடர்ந்தால் இன்னும் ஏறும். 2022 நவம்பரில் மெட்ரோவின் சில்வர் லைன் ஆஷ்பர்ன் வரை வந்துவிட்டது பெரிய ஆறுதல். ஆனால் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் அதன் முழுப் பயன். லவுடனின் புதிய குடியிருப்புகளில் ஹெச்.ஓ.ஏ. எனப்படும் குடியிருப்போர் சங்கத்துக்கு மாதாமாதம் கட்டணமும் உண்டு.

விற்பனை வரி எல்லாப் பக்கமும் 6% என்பதால் விட்டுவிடலாம். உணவகத்தில் அடிக்கடி சாப்பிடுகிறவர்கள் மட்டும், ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டி 2026 ஜனவரி முதல் உணவக உணவுக்கு 4% தனி வரி போட்டிருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 6: கவுன்டியின் வருமான நடுமதிப்பை எப்படிப் படிப்பது?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் 2019–2023 தரவில், குடும்ப வருமானத்தின் நடுமதிப்பு (பாதிக் குடும்பங்கள் இதற்கு மேல், பாதி இதற்குக் கீழ்) லவுடனில் சுமார் 1.78 லட்சம் டாலர், ஃபேர்ஃபாக்ஸில் 1.5 லட்சம், மான்ட்கோமரியில் 1.28 லட்சம். லவுடன் நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கும் கவுன்டி. அங்கே குடிபோனால் உங்கள் சம்பளம் ஏறாது. வீடு வாங்கும் வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவர்களின் பணபலத்தைத்தான் அந்த எண் காட்டுகிறது. உங்கள் குடும்ப வருமானம் அந்த நடுமதிப்பைவிட மிகக் குறைவு என்றால், விலைப் போட்டியில் திணறுவீர்கள். மிக அதிகம் என்றால், மான்ட்கோமரியில் சற்றுப் பெரிய வீட்டுக்குப் பேரம் பேச இடம் இருக்கும். இந்த இரு மாநிலங்களிலும் பள்ளி நிர்வாகம் கவுன்டி அளவில் நடப்பதால், வளமான கவுன்டியின் பயன் பள்ளிகளுக்கும் போகிறது. ஆனாலும் ஒரே கவுன்டிக்குள் பள்ளிக்குப் பள்ளி வேறுபாடு உண்டு என்பதால் முகவரியை வைத்தே பள்ளியைப் பாருங்கள்.

கோயில், தமிழ்ப் பள்ளி, நண்பர்கள் வீடு எல்லாவற்றுக்கும் தாளில் ஒரு வரிசை ஒதுக்குங்கள். வாராவாரம் மேரிலாண்டின் லான்ஹமில் இருக்கும் சிவ விஷ்ணு கோயிலுக்குப் போகிற குடும்பம் ஆஷ்பர்னில் குடியிருந்தால், அந்தப் பெட்ரோலும் நேரமும் செலவுதான்.

படி 7: பத்திரப் பதிவுச் செலவு

ஒருமுறைச் செலவுதான், ஆனால் ரொக்கமாக வேண்டும். மேரிலாண்டில் இது கனம். மாநிலக் கைமாற்று வரி 0.5%, மான்ட்கோமரியின் வரி 1%, அதற்கு மேல் பதிவு வரி. வழக்கமாக வாங்குபவரும் விற்பவரும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்வார்கள். அந்த மாநிலத்தில் முதல் வீடு வாங்குகிறவருக்கு மாநில வரி பாதியாகக் குறைந்து, அதுவும் விற்பவர் பொறுப்பாகிவிடும். இதை ஒப்பந்தம் எழுதும்போதே சொல்லுங்கள். வர்ஜீனியாவில் இந்தச் செலவு கணிசமாகக் குறைவு. நாலைந்து ஆண்டில் விற்றுவிட்டுப் போகக்கூடியவர்கள் இந்தத் தொகையைத் தங்கப்போகும் ஆண்டுகளால் வகுத்து ஆண்டுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

படி 8: குடிபோன பிறகு

மாநிலம் மாறினால் அலுவலகத்தின் சம்பளப் பிரிவுக்கு உடனே தெரிவியுங்கள். புதிய மாநிலத்தின் வரிப் பிடித்தப் படிவத்தைக் கொடுக்கும்வரை பழைய மாநிலத்துக்கே வரி போய்க்கொண்டிருக்கும். பிறகு இரண்டு இடத்திலும் கணக்குத் தாக்கல் செய்து மீட்க வேண்டிவரும். கார் பதிவை மாற்ற வர்ஜீனியாவில் 30 நாள், மேரிலாண்டில் 60 நாள் அவகாசம். மேரிலாண்டில் வீடு வாங்கியவர்கள், படி 4-இல் சொன்ன வரி வரம்புச் சலுகைக்கு மாநில மதிப்பீட்டுத் துறையிடம் ஒருமுறை விண்ணப்பிக்க வேண்டும். கேட்காமல் அது கிடைக்காது.