நின்றுபோன பழைய ஆட்டோமேட்டிக் வாட்ச்: ரிப்பேர் செய்யலாமா, அப்படியே வைக்கலாமா?

பழைய ஆட்டோமேட்டிக் வாட்ச் (கை அசைவிலேயே சாவி ஏறும் வகை) ஒன்றை ரிப்பேருக்குக் கொண்டுபோனால் அடிக்கடி கிடைக்கும் பதில் இதுதான்: "ஆகிற செலவுக்குப் புதுசே வாங்கிடலாம்." விற்கவும் வாங்கவும் வைத்திருக்கும் வாட்சுக்கு அந்தக் கணக்கு சரி. அப்பா தினமும் கட்டிய வாட்சுக்கு அது பொருந்தாது, ஏனென்றால் அதைப் புதிதாக எங்கேயும் வாங்க முடியாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாட்சின் உள்ளே இருக்கும் மெஷின் தேய்வதற்கென்றே செய்யப்பட்டது. அதில் பாகம் மாற்றத் தயங்க வேண்டாம். நினைவு தங்கியிருப்பது வெளியே: டயல், முட்கள், கேஸ் (வெளி உலோகக் கூடு), பின்மூடியில் பொறித்த எழுத்து. அங்கே கை வைக்கும் முன் நூறு முறை யோசியுங்கள்.

படி 1: முதலில் ஆட்டிப் பார்க்காதீர்கள்

நின்றுபோன வாட்சைக் கையில் எடுத்ததும் குலுக்கிப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். பல வருடம் கிடந்த வாட்சில் எண்ணெய் காய்ந்தோ கெட்டியாகியோ போயிருக்கும். அந்த நிலையில் ஓடவிட்டால் சக்கரங்களின் மெல்லிய அச்சுமுனைகள் தேயும். ஒரு சின்ன சோதனை (படி 3) செய்யலாம், ஆனால் நாள்கணக்கில் கட்டிக்கொண்டு திரியக் கூடாது.

கண்ணாடிக்கு உள்ளே ஆவி படிந்தது போலத் தெரிந்தாலோ, டயலின் ஓரத்தில் பழுப்புக் கறை இருந்தாலோ, அந்தச் சின்ன சோதனையும் வேண்டாம். ஈரம் உள்ளே போயிருக்கிறது, துரு ஒவ்வொரு நாளும் வளரும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடக் கூடாத நிலை இது ஒன்றுதான். முழு ரிப்பேரை இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை. திறந்து உலர்த்திச் சுத்தம் செய்ய மட்டுமாவது உடனே கொடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. 1970களுக்கு முந்தைய வாட்சில் இருட்டில் ஒளிரும் எண்களும் முட்களும் இருந்தால், அந்தப் பூச்சில் ரேடியம் இருக்கலாம். ஒளி மங்கிப்போனதால் ரேடியம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அதன் அரையாயுள் சுமார் 1600 வருடம். மங்கியது கூடவே கலந்த ஒளிரும் பொருள்தான். அப்படிப்பட்ட வாட்சை வீட்டில் திறக்கவே கூடாது, உதிரும் தூள் மூச்சில் போனால் ஆபத்து. ரிப்பேர் செய்பவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 2: வாட்சின் அடையாளத்தை எழுதி வையுங்கள்

முன்பக்கம், பின்மூடி, பக்கவாட்டு, உலோகச் செயின் அல்லது ஸ்ட்ராப் சேரும் இடம் என்று எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். ரிப்பேருக்குப் போய்த் திரும்பும்போது ஒப்பிட்டுப் பார்க்க இவைதான் கையில் இருக்கும்.

அப்புறம் மெஷின் எண்ணைத் தேடுங்கள். உதிரிபாகம் கிடைக்குமா என்பதே அதை வைத்துத்தான் தெரியும். சீகோ வாட்சில் இது சுலபம்: பின்மூடியில் ஒரு கோடு போட்டுப் பிரித்த எண் இருக்கும், அதன் முதல் நான்கு இலக்கம் மெஷின் எண். 7009 என்று ஆரம்பித்தால் உள்ளே இருப்பது 7009 மெஷின். அதே பின்மூடியில் உள்ள வரிசை எண்ணின் முதல் இலக்கம் தயாரித்த வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது இலக்கம் மாதத்தைக் குறிக்கும். முதல் இலக்கம் 8 என்றால் 1978ஆ 1988ஆ என்பதை அந்த மெஷின் எந்தக் காலத்தில் வந்தது என்று பார்த்து முடிவு செய்யலாம். ஸ்விஸ் வாட்சுகளில் பெரும்பாலும் பின்மூடியைத் திறந்தால்தான் எண் தெரியும், பேலன்ஸ் சக்கரத்துக்கு (முன்னும் பின்னும் ஊசலாடும் சக்கரம்) பக்கத்திலோ அடியிலோ சின்னதாகப் பொறித்திருப்பார்கள். அதை ரிப்பேர் செய்பவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 3: ஒரு சின்ன சோதனை

ஈரம், துரு அடையாளம் இல்லை என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள். குமிழை மெதுவாக 20 முதல் 30 சுற்று திருகிச் சாவி கொடுங்கள். (திருகித் திறக்கும் வகைக் குமிழ் என்றால் முதலில் அதைத் தளர்த்த வேண்டும்.) ஆட்டோமேட்டிக்கில் "ஓவராகச் சாவி கொடுத்துவிட்டேனோ" என்ற பயம் தேவையில்லை; மெயின் ஸ்பிரிங் முழுதாகச் சுருண்டதும் அதன் நுனி வழுக்கிவிடும்படிதான் அமைத்திருக்கிறார்கள். ஆனால் திருகும்போது மணல் அரைபடுவது போல உணர்ந்தால் நிறுத்திவிடுங்கள். சீகோ 7009, 7எஸ்26 போன்றவற்றில் கையால் சாவி கொடுக்கும் வசதியே கிடையாது. அவற்றை டயல் மேலே பார்க்க வைத்து, பக்கவாட்டில் மென்மையாக அரை நிமிடம் அசைத்தால் போதும்.

இப்போது கவனியுங்கள். ஓடத் தொடங்கி சில மணி நேரத்தில் நின்றால், பெரும்பாலும் காய்ந்த எண்ணெய் அல்லது சோர்ந்துபோன மெயின் ஸ்பிரிங். நல்ல நிலையில் உள்ள பெரும்பாலான பழைய ஆட்டோமேட்டிக்குகள் முழுச் சாவியில் ஏறத்தாழ 40 மணி நேரம் ஓடும். சாவி கொடுத்தால் ஓடுகிறது, கையில் கட்டினால் நிற்கிறது என்றால் ரோட்டாரோ (கை அசைவில் சுழன்று சாவி ஏற்றும் எடை) அதை ஒட்டிய சக்கரங்களோ தேய்ந்திருக்கும். திடீரென்று ஒரு நாளுக்குப் பல நிமிடம் வேகமாக ஓடினால் காந்தம் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். திசைகாட்டியின் பக்கத்தில் வாட்சைக் கொண்டுபோங்கள். முள் துடித்தால் காந்தம்தான். அதை நீக்கச் சில வினாடி போதும், வாட்சைத் திறக்கவே வேண்டாம். இவை எல்லாமே சரிசெய்யக்கூடியவை. கொஞ்சம்கூட அசையவில்லை என்றாலும் மனம் தளர வேண்டாம். கீழே விழுந்து பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு முறிந்திருக்கலாம், பாகம் கிடைத்தால் அதையும் மாற்றலாம்.

படி 4: எதற்காக ஓட வேண்டும்?

தினமும் கட்டவா, விசேஷ நாளில் மட்டும் கட்டவா, பெட்டியில் பத்திரமாக வைக்கவா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ரிப்பேருக்குக் கொடுப்பதுதான் பின்னால் வருத்தத்தில் முடிகிறது. தினமும் கட்டப்போகிறீர்கள் என்றால் முழு சர்வீஸ், புது ரப்பர் வளையங்கள், அதற்குப்பின் சில வருடத்துக்கு ஒருமுறை மறுபடி சர்வீஸ் என்று தொடர்ந்து செலவு உண்டு. அழுத்தச் சோதனை செய்யாதவரை பழைய வாட்சைத் தண்ணீரில் நனைக்கவும் கூடாது. எப்போதாவது கட்டுவதற்கு ஒரே ஒரு நல்ல சர்வீஸ் போதும். வைத்துப் பார்க்க மட்டும் என்றால் ஓட வேண்டிய அவசியமே இல்லை.

வாட்ச் உங்கள் கையில் இருந்தாலும் நினைவு உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. முடிவெடுக்கும் முன் அம்மாவிடமும் உடன்பிறந்தவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்கள் மாற்ற நினைக்கும் கீறல் விழுந்த கண்ணாடி, இன்னொருவருக்கு அப்பாவின் முகம் போல இருக்கலாம்.

படி 5: எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது

மெயின் ஸ்பிரிங், சக்கரங்கள், ரப்பர் வளையங்கள் எல்லாம் தயங்காமல் மாற்றலாம். பிளாஸ்டிக் வகைக் கண்ணாடியில் உள்ள கீறலைத் தேய்த்தே பெருமளவு போக்கலாம், மாற்ற வேண்டியதில்லை.

கேஸ் பாலிஷை மறுத்துவிடுங்கள். பாலிஷ் என்பது உலோகத்தைச் சுரண்டி எடுப்பது. கூர்மையான விளிம்புகள் மழுங்கும், பொறித்த எழுத்து தேயும், போனது திரும்பாது. டயலுக்கு மறுபடி வண்ணம் அடிப்பதும் அப்படித்தான். மங்கிய டயல், நிறம் மாறிய முட்கள் இவற்றை அப்படியே விடச் சொல்லுங்கள்.

மெஷினையே முழுதாக மாற்றலாம் என்று சொன்னால்? பாகமே கிடைக்காத நிலையில் அது நேர்மையான வழிதான், ஆனால் பழைய மெஷினைக் கேட்டு வாங்கி வையுங்கள். புது மெஷினைப் பொருத்த டயலின் கால்களை (டயலை மெஷினோடு பிடித்து வைக்கும் பின்பக்கக் கம்பிகள்) வெட்ட வேண்டும் என்றால் நான் சம்மதிக்க மாட்டேன்.

படி 6: ரிப்பேர் செய்பவரிடம் கேட்க வேண்டியவை

- முழுதாகப் பிரித்துச் சுத்தம் செய்வீர்களா, மேலோட்டமாக எண்ணெய் விடுவீர்களா? இரண்டாவது என்றால் வேறு ஆளைப் பாருங்கள். பழைய பிசுக்கின் மேல் புது எண்ணெய் விடுவது சர்வீஸ் ஆகாது.
- மாற்றும் ஒவ்வொரு பாகத்துக்கும் முன்கூட்டியே கேட்பீர்களா, கழற்றியதைத் திருப்பித் தருவீர்களா?
- வேலைக்கு முன்னும் பின்னும் டைம்கிராஃபர் (வாட்சின் ஓட்டத்தை அளக்கும் கருவி) அளவைக் காட்டுவீர்களா? முழுச் சாவியில் பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு, அதாவது அது ஊசலாடும் அளவு, 270 பாகைக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. பழைய மெஷினில் கொஞ்சம் குறையலாம், 200க்குக் கீழே என்றால் வேலை முடியவில்லை.

பொறுமையாகப் பதில் சொல்பவரிடம் கொடுங்கள்.

படி 7: வேண்டாம் என்று முடிவெடுத்தால்

துரு மெஷினின் அடித்தட்டு வரை அரித்திருந்தாலோ, டயலைப் பலிகொடுத்தால்தான் ஓடும் என்றாலோ, இப்போதைக்கு விட்டுவிடலாம். தோல் ஸ்ட்ராப்பைக் கழற்றித் தனியாக வையுங்கள், அது ஈரத்தை இழுத்துக் கேஸை அரிக்கும். மென்மையான துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில், ஸ்பீக்கர் போன்ற காந்தப் பொருட்களுக்குத் தள்ளி வையுங்கள். பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள். மெஷின் எண், தெரிந்த பழுது, யார் கட்டியது, எந்தக் காலத்தில் என்பதை ஒரு தாளில் எழுதி அதே டப்பாவில் போடுங்கள். உதிரிபாகத்துக்காக அதே மெஷின் உள்ள வேறொரு பழைய வாட்ச் என்றாவது கண்ணில் பட்டால், வாங்கி அதன் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.