சிங்குக்கு அடியில் ஒழுகுதா? ரின்ச்சை அப்புறம் எடுங்கள்

சிங்குக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் கைக்கு எட்டிய நட்டை எல்லாம் பிடித்து முறுக்குவதுதான் நம் வழக்கம். கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டில் நானும் அதையே செய்தேன். சிங்குக்கு அடியில் புட்டி மாதிரித் தொங்குமே, அந்த பாட்டில் ட்ராப்பின் மேல் நட்டை ரின்ச் போட்டு முறுக்க, பிளாஸ்டிக் நட்டு டக்கென்று பிளந்துகொண்டது. சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை வேறு. பாதி கழுவிய சங்கரா மீன் சிங்கில் கிடக்க, வீட்டில் நான் வாங்கிய பேச்சை இங்கே எழுத வேண்டாம்.

வேஸ்ட் பைப் பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் நட்டுகளுக்குக் கைமுறுக்கே போதும். அதற்கு மேலும் ஒழுகினால் கோளாறு நட்டில் இல்லை, உள்ளே இருக்கும் வாஷரில்.

அதனால் முதலில், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எல்லாவற்றையும் பழைய துணியால் துடைத்துவிட்டு, கீழே செய்தித்தாள் விரியுங்கள். குழாயைத் திறக்காதபோதும் தாள் நனைந்தால் சுவரில் இருக்கும் சின்ன வால்வான ஆங்கிள் காக்கோ, அதிலிருந்து மேலே குழாய்க்குப் போகும் ஹோஸோ காரணம். பாத்திரம் கழுவும்போது மட்டும் நனைந்தால் வேஸ்ட் பைப். சிங்கில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது மட்டும் கசிந்தால் ஓட்டையில் பொருத்தியிருக்கும் கப்ளிங். ஒரு சொட்டு, பைப்பின் மேலேயே வழிந்து ஒரு அடி தள்ளிப் போய்த்தான் விழும். விழுந்த இடத்தை நம்பி, நன்றாக இருக்கும் இணைப்பைக் கழற்றினவர்கள் நிறைய.

இனி வாஷர். ட்ராப்பில் வருவது ஒரு பக்கம் சரிவான வாஷர். சரிந்த மெல்லிய பக்கம் பைப் நுழையும் திசையைப் பார்க்க வேண்டும், தட்டையான பக்கம் நட்டைப் பார்க்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும். கொதிக்கும் கஞ்சியை நேராகக் கொட்டுகிற வீடுகளில் ரப்பர் சீக்கிரமே கெட்டியாகிவிடும். கடைக்குப் போகும்போது பழைய வாஷரைக் கையோடு எடுத்துப் போங்கள். வாஷ் பேசினுக்குப் பெரும்பாலும் 32 மி.மீ., சமையலறை சிங்குக்கு 40 மி.மீ. "ஏறக்குறைய இதே சைஸ்" என்று கடைக்காரர் நீட்டினால் வாங்காதீர்கள்.

டெஃப்லான் டேப் என்கிற மெல்லிய வெள்ளை டேப்பையும் நாம் எல்லா இடத்திலும் சுற்றிவிடுகிறோம். அது ஆங்கிள் காக்கை சுவரில் ஏற்றுகிற மரைக்கு, அதாவது திருகு வரிகளுக்கு. மரை நம்மைப் பார்த்திருக்க, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும்; எதிர்த் திசையில் சுற்றினால் இறுக்கும்போதே பிரிந்து வரும். வாஷர் அடைக்கிற இடத்தில் டேப்புக்கு வேலையே கிடையாது.

ஈரமான இணைப்பின் மேல் எம்-சீலை (பிசைந்து ஒட்டினால் இறுகிவிடும் பசை) அப்புவது இன்னொரு கூத்து. ஈரத்தில் அது சரியாக ஒட்டாது. ஒட்டித் தொலைத்தாலோ, அடுத்த முறை மீன் செதில் அடைக்கும்போது ட்ராப்பைக் கழற்ற முடியாது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

பைப் கழன்று விழுகிறதா? நீளம் போதாமல், நுனி மட்டும் உள்ளே போயிருக்கும். ஒரு அங்குலமாவது உள்ளே போகிற அளவுக்கு வேறு துண்டு வாங்குங்கள், இழுத்துப் பிடித்துச் சொருகாதீர்கள். ட்ராப்பே இல்லாமல் நெளி ஹோஸை நேராகத் தரைப் பைப்பில் விடுபவர்களும் உண்டு. ட்ராப்பில் நிற்கும் தண்ணீர்தான் நாற்றத்தைத் தடுக்கிறது, கரப்பானையும்தான்.

உப்புத் தண்ணீர் போர்வெல் என்றால் மரையில் வெள்ளையாகப் படிந்திருக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். கடற்காற்றில், ஹோஸை இறுக்கும் சாதா இரும்பு கிளிப் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண் இல்லை.

ஒன்றில் மட்டும் விளையாட வேண்டாம். அடைப்புக்கு ஆசிட் ஊற்றிவிட்டு, உடனே ட்ராப்பைக் கழற்றக் கூடாது, முகத்தில் தெறிக்கும். ஆசிடோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அப்படி ஊற்றியிருந்தால் பிளம்பரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம், கழற்றிய ட்ராப்பின் அழுக்குத் தண்ணீரை அதே சிங்கில் கொட்டிவிடாதீர்கள். சிரிக்காதீர்கள், நான் கொட்டியிருக்கிறேன், என் காலிலேயே.

மாட்டி முடித்ததும் குழாயைக் கொஞ்சம் திறந்து பார்த்து "சரியாயிடுச்சு" என்று எழுந்துவிடக் கூடாது. சிங்கை மூடி, முக்கால் வரை நிரப்பி, ஒரே மூச்சில் திறந்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். இரவு புதுத் தாள் ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் அது மொறமொறவென்று இருந்தால், வெளியே எடுத்து வைத்த கபோர்டு சாமான்களை உள்ளே அடுக்கலாம்.