மக்காச்சோளத்தில் படைப்புழு: முதல் 30 நாள் என்ன செய்வது?

புரட்டாசி மழைக்கு விதைத்த மக்காச்சோளம் முளைத்துப் பத்து நாள்கூட ஆகியிருக்காது. அதற்குள் இலையெல்லாம் சுரண்டிக் கிடக்கும். அமெரிக்கக் கண்டத்துப் பூச்சியான படைப்புழு 2018-இல் கர்நாடகாவில் முதலில் தென்பட்டது. அதே ஆண்டு எங்கள் பெரம்பலூர்ப் பக்கமும் வந்துவிட்டது. முதன்முறை மக்காச்சோளம் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. விதைக்கும் முன்

இந்தப் புழு மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழுவாகும். கோடையில் ஆழ உழுதுவிட்டால் அது வெயிலிலும் காக்கை, மைனா வாயிலும் போய்விடும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு போடுங்கள். வரப்போரம் தட்டைப்பயறோ எள்ளோ விதைத்தால் நன்மை செய்யும் பூச்சிகள் வந்து தங்கும்.

2. குருத்தைப் பிரித்துப் பாருங்கள்

எதை விட்டாலும் இதை விடாதீர்கள். முளைத்த ஒரு வாரத்திலிருந்து, வாரம் இரண்டு முறை, வெயில் ஏறும் முன் வயலுக்குள் இறங்குங்கள். வரப்பில் நின்று பார்த்தால் எதுவும் தெரியாது.

அந்துப்பூச்சி 100, 200 முட்டைகளை ஒரே குவியலாக இட்டு, மேலே பஞ்சுபோல் மூடி வைக்கும். இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். குஞ்சுப் புழுக்கள் பச்சையத்தை மட்டும் சுரண்டித் தின்பதால், இலை எண்ணெய்க் காகிதம்போல ஒளி ஊடுருவும். கண்ணில் பட்ட முட்டைக் குவியலை அங்கேயே விரலால் நசுக்குங்கள். பொரிந்தபின் நூல் விட்டுக் காற்றில் பக்கத்துச் செடிக்குப் போய்விடும்.

குருத்துக்குள் மரத்தூள்போல ஈர எச்சம் கிடந்தால், வளர்ந்த புழு உள்ளே இருக்கிறது. இலையை மெல்ல விலக்குங்கள். தலையில் தலைகீழ் 'ஒய்' எழுத்து, வால்பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளி இருந்தால் படைப்புழுதான்.

3. எப்போது தெளிப்பது

வயலில் ஐந்து இடத்தில் 20 செடி வீதம் எண்ணுங்கள். நூறில் ஐந்து செடி பாதித்திருந்தால் வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். 10 லிட்டர் டேங்குக்கு அரை கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்துச் சேருங்கள். கொஞ்சம் செடிதான் என்றால், ஒன்பது பங்கு மணலுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு கலந்து குருத்தில் ஒரு சிட்டிகை போட்டாலே போதும்.

அதையும் மீறினால்தான் மருந்து. எமாமெக்டின் பென்சோயேட் லிட்டருக்கு 0.4 கிராம். அளவைக் கூட்டாதீர்கள், ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். தெளித்த தட்டையை மாட்டுக்கு அறுத்துப் போடவும் கூடாது.

4. குருத்துக்குள் தெளியுங்கள்

முதல் வருடம் நான் உச்சி வெயிலில் இலைமேல் பரவலாக அடித்துவிட்டு, நாலு நாள் கழித்துப் பார்த்தால் புழு கொழுத்திருந்தது. பகலில் அது குருத்தின் ஆழத்தில் கிடக்கும். மாலையில், நாசிலைக் குருத்துக்கு நேராகப் பிடித்து, ஒவ்வொரு செடிக்கும் உள்ளே இறங்கும்படி அடிக்க வேண்டும். முகத்தில் துண்டு கட்டிக்கொள்ளுங்கள், காற்றுக்கு எதிரே நிற்காதீர்கள்.

மூன்றாம் நாள் மறுபடி குருத்தைப் பிரித்துப் பாருங்கள். எச்சம் காய்ந்திருந்தால் புழு செத்துவிட்டது. ஈரமாக இருந்தால் இன்னும் உள்ளே தின்றுகொண்டிருக்கிறது. புதிதாக விரியும் இலையில் வரிசையாக ஓட்டை தெரிந்தால் பதறி மறுபடி மருந்தடிக்க வேண்டாம். இலை சுருண்டிருந்தபோது கடித்தது இப்போது விரிந்து தெரிகிறது, அவ்வளவுதான்.