ஆப் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: வைஃபையை விட்டு வெளியே வாருங்கள்

புதுச்சேரி, கடலூர் பக்கம் புதிதாக ஆப் எழுதும் பிள்ளைகள் அவ்வப்போது போனை நீட்டி, "அண்ணா, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள். ஆப் மாறும், தவறு மட்டும் மாறாது. எங்கள் காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகள்தான். பட்டன் கோணல், எழுத்துப் பிழை போன்றவை யார் கண்ணிலும் படும்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

இணையம் எப்போதும் இருக்கும் என்று நம்புவது

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலக் கணக்கு எழுத ஒரு தம்பி ஆப் செய்திருந்தார். வீட்டு வைஃபையில் பளிச்சென்று ஓடியது. விடியற்காலை ஏலத்தில் நடந்தது வேறு. வஞ்சிரம் ஒரு கூடை, விலை, வியாபாரி பெயர் எல்லாம் தட்டி 'சேமி' அழுத்தினார் கணக்கு எழுதுபவர். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குள் அடுத்த கூடைக்கு விலை கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மறுபடி அழுத்தினார். இன்னொரு தடவையும் அழுத்தினார். 'பிழை ஏற்பட்டது' என்று வந்தது. சாயங்காலம் கணக்கைத் திறந்தால் அந்த ஒரு கூடை மூன்று வரியாக நிற்கிறது. மூன்று கூடைக்குப் பணம் கேட்டால் வியாபாரி சும்மா இருப்பாரா?

"சிக்னல் பிரச்சினை அண்ணா" என்றார் தம்பி. இந்தப் பதிலைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். சிக்னல் போகும், வரும். 2011 தானே புயலும் 2024 ஃபெஞ்சலும் பார்த்த ஊரில் இதைச் சொல்லித்தர வேண்டுமா?

நடந்தது இதுதான். பதிவு சர்வருக்குப் போய் ஏறிவிட்டது. 'ஏறியாச்சு' என்ற பதில் திரும்பி வரும் வழியில் அறுந்துவிட்டது. பதிவே போய்ச் சேரவில்லையா, பதில்தான் வரவில்லையா என்று போனுக்குத் தெரியாது. காத்திருக்கும் நேரம் முடிந்து டைம்அவுட் ஆனதும் தோல்வி என்று முடிவுகட்டி மறுபடி அனுப்பினால் இரட்டைப் பதிவுதான்.

சரி, என்ன செய்வது? 'சேமி' அழுத்தியதும் முதலில் போனிலேயே எழுதுங்கள். போனுக்குள்ளேயே தகவலைச் சேமிக்க ஆண்ட்ராய்டில் ரூம், ஃப்ளட்டரில் எஸ்க்யூலைட் உண்டு, எது பழக்கமோ அது. திரையில் உடனே 'பதிவாகிவிட்டது, அனுப்ப வேண்டும்' என்று காட்டினால் அவர் நிம்மதியாக அடுத்த கூடைக்குப் போவார். ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே ஒரு யூயூஐடி (வேறெந்தப் பதிவுக்கும் வராத அடையாள எண்) கொடுத்து, சர்வர் அட்டவணையில் அதற்கு யூனிக் கட்டுப்பாடு (ஒரே எண் இரண்டு முறை ஏறக்கூடாது என்ற விதி) போடுங்கள். ஒரே பதிவு பத்து முறை வந்தாலும் ஒரு வரிதான் நிற்கும். இரண்டாம் முறை வரும்போது சர்வர் பிழை என்று சொல்லாமல் 'சரி, இருக்கிறது' என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் போன் விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இதையும் சொன்னேன், தம்பி செய்தார். ஆனாலும் இரட்டைப் பதிவு நிற்கவில்லை. நிரலைத் திறந்து பார்த்தால், அனுப்பும் ஃபங்ஷனுக்குள்ளேயே யூயூஐடியை உருவாக்கியிருந்தார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் புது எண்! எண் பிறக்க வேண்டியது பதிவு பிறக்கும்போது, அனுப்பும்போது அல்ல.

ஆண்ட்ராய்டில் அனுப்பும் வேலையை, பின்னணி வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒர்க்மேனேஜரிடம் விடுங்கள். ஆப்பை மூடினாலும், போனை அணைத்துப் போட்டாலும் அது வேலையை மறக்காது. ஐஓஎஸ்ஸில் பின்னணி வேலை எப்போது நடக்கும் என்பது சிஸ்டத்தின் விருப்பம். எனவே ஆப் திறக்கும்போதும் ஒரு முறை முயலுங்கள்.

அப்புறம், "ஏரோபிளேன் மோடில் சோதித்தேன்" என்று சொல்லாதீர்கள். அதில் பிழை உடனே வந்துவிடும். ஆளைக் கொல்வது அரைகுறை சிக்னல்தான். எமுலேட்டரில் (கணினியில் ஓடும் போலி போனில்) நெட்வொர்க் வேகத்தைக் குறைத்து வைத்துப் பாருங்கள்.

தமிழை எண்ணி வெட்டுவது

'கடலூர்' நமக்கு நான்கு எழுத்து. கணினி எழுத்தைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் ஆறு குறியீடு. திரையில் இடம் போதவில்லை என்று ஐந்து குறியீட்டோடு வெட்டினால் புள்ளி போய் 'கடலூர' என்று நிற்கும். ஐஓஎஸ் ஆப் எழுதும் ஸ்விஃப்ட் மொழி முழு எழுத்தாகவே எண்ணும். அப்படி எண்ண ஆண்ட்ராய்டின் கோட்லின் மொழியில் பிரேக்இட்டரேட்டர், ஃப்ளட்டரின் டார்ட் மொழியில் கேரக்டர்ஸ் பேக்கேஜ் இருக்கிறது. இடம் போதாதபோது வெட்டும் வேலையைத் திரை அமைப்பிடமே விட்டுவிடுவது இன்னும் நல்லது. பட்டனுக்கு உயரத்தைக் கட்டிப்போடாதீர்கள். எழுத்துக்கு மேலே வரும் வளைவும் கீழே வரும் சுழியும் வெட்டுப்பட்டு நிற்கும்.

வெயிலில் பார்க்காதது

வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து ஏசி அறையில் அழகாக இருக்கும். மதியம் கடற்கரைச் சாலையில் நின்று படித்துக் காட்டுங்கள். சிறிய எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1 வெளிச்ச வேறுபாடு குறைந்தபட்சம். விரலால் தொடும் இடம் ஆண்ட்ராய்டில் 48 டிபி, ஆப்பிளில் 44 பாயின்ட் (இரண்டும் திரையை அளக்கும் அலகுகள்). ஈரக் கைக்கு அதுவும் குறைவுதான்.

டேப்லெட்

இழுத்துப் பெரிதாக்கிய போன் திரை டேப்லெட் டிசைன் ஆகாது.

பேக்கேஜ் பெயர்

ஆப்பை அடையாளம் காட்டும் இந்தப் பெயர் பிளே ஸ்டோரில் வெளியிட்டபின் மாறாது. 'டெஸ்ட்ஆப்2' என்று வைத்துவிட்டு அழாதீர்கள்.

கடைசி நேரத்தில் பிளே கன்சோல் திறப்பது

பிளே ஸ்டோருக்கு ஆப்பை அனுப்பும் கூகுள் தளம்தான் பிளே கன்சோல். அதில் உங்களுடையது 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கா? 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் (நீங்கள் அழைத்தவர்கள் மட்டும் ஆப்பைப் பார்க்கும் சோதனை) இருந்தால்தான் வெளியிட விண்ணப்பிக்கவே முடியும். அதற்கு மேல் விண்ணப்பத்தைப் பார்க்க கூகுளுக்குச் சில நாள். 'பொங்கலுக்கு ரிலீஸ்' என்று வாக்குக் கொடுத்திருந்தால், மார்கழி முதல் வாரத்திலேயே ஆளைப் பிடித்துவிடுங்கள். 12 பேர் கணக்குக்கு 15 பேரைச் சேருங்கள். இரண்டு பேராவது பாதியில் விலகிவிடுவார்கள்.